பழைய சர்வரிடம் யார் யார் கேட்கிறார்கள்? டைரக்டரி சர்வரை இடம் மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

மாதக் கடைசி நாள், காலை ஒன்பதரை மணி. "தம்பி, வருகைப் பதிவு மென்பொருள் உள்ளே விடமாட்டேன் என்கிறது. போன மாதம் நன்றாகத்தானே இருந்தது? நான் சம்பளம் போட வேண்டும்" என்றார் கணக்குப் பிரிவு மேலாளர். அந்த நூற்பாலை அலுவலகத்தின் டைரக்டரி சர்வரை, அதாவது ஊழியர்களின் கணக்குகளையும் கடவுச்சொற்களையும் வைத்து யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் சர்வரை, நான் மாற்றிக் கொடுத்து மூன்று வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு புகாரும் வரவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். பழைய சர்வரை முறைப்படி விலக்கி, ரேக்கிலிருந்து இறக்கி, தூசியும் தட்டி வைத்தாயிற்று. அந்த மென்பொருளோ மாதத்தில் ஒரே ஒரு நாள் திறக்கப்படுவது. ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு அதை நிறுவியவர் பழைய சர்வரின் ஐபி முகவரியை ஒரு கோப்பில் கையால் எழுதிவிட்டுப் போயிருந்தார். திருத்த ஒரு நிமிடம். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேட மூன்று மணி நேரம்.

புதிய சர்வரை நிறுவி டைரக்டரியை அதில் நகலெடுப்பது ஒரு மதிய நேரத்து வேலை. திட்டமிடல் என்று நான் சொல்வது அந்த மதியத்துக்கு முன்னால் வரும் ஒன்றரை மாதத்தை. அதில் பெரும்பகுதி ஒரே கேள்விக்குப் பதில் தேடுவதில் போக வேண்டும்: பழைய சர்வரிடம் யார், எதை, எந்த முகவரியில் கேட்கிறார்கள்?

இந்த வழிகாட்டி விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2இல் ஓடும் ஆக்டிவ் டைரக்டரியை (மைக்ரோசாஃப்டின் டைரக்டரி) 2022 பதிப்புக்குக் கொண்டுபோவதை எடுத்துக்கொள்கிறது. நூறு, இருநூறு கணினிகள், ஒரு தலைமை அலுவலகம், ஒன்றிரண்டு கிளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டொமைன், அதாவது ஒரே டைரக்டரியின் கீழ் வரும் கணக்குகளும் கணினிகளும் சேர்ந்த குழுமம், அதன் பெயர் மாறவில்லை. சர்வர் மட்டும் மாறுகிறது. டொமைன் பெயரையே மாற்றுவது முற்றிலும் வேறு வேலை. அதை இதோடு சேர்த்துச் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

எந்தப் பதிப்புக்குப் போவது?

2012 ஆர்2க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2023 அக்டோபர் 10இல் முடிந்தது. 2016க்கு 2027 ஜனவரி 12 வரை. 2019க்கு 2029 ஜனவரி 9 வரை. 2022க்கு 2031 அக்டோபர் 14 வரை. இருப்பதில் புதியது 2025தானே, அதற்கே தாவிவிடலாமே என்று தோன்றும். 2025 சர்வரை டொமைன் கன்ட்ரோலராக (டைரக்டரியின் நகலை வைத்து நடத்தும் சர்வராக) சேர்க்க வேண்டுமானால் டொமைன், ஃபாரஸ்ட் (டொமைன்களின் தொகுப்பு) இரண்டின் செயல்நிலையும், அதாவது எந்தப் பதிப்பின் வசதிகள்வரை இயங்கலாம் என்ற அமைப்பும், குறைந்தது 2016 ஆக இருக்க வேண்டும். 2012 ஆர்2 கன்ட்ரோலர் ஒன்று உள்ளே இருக்கும்வரை செயல்நிலையை அந்த அளவுக்கு உயர்த்த முடியாது. ஆகவே நடுவில் ஒரு படி தேவை. அந்தப் படியிலேயே சில வருடங்கள் நின்றுகொள்ளலாம் என்பது என் கருத்து. டைரக்டரி விஷயத்தில் முதல் வரிசையில் போய் உட்கார்வதால் எந்த லாபமும் இல்லை.

பழைய சர்வரின் மேலேயே புதிய பதிப்பை ஏற்றுவது வேண்டாம். அதில் பத்து வருடக் குப்பையும் கூடவே வரும். பக்கத்தில் புதிய சர்வரை நிறுத்தி, டைரக்டரி தானாக நகலாகட்டும். பிறகு பழையதை மெல்ல விலக்கலாம். இதில் திரும்பி வரும் வழி கடைசிவரை திறந்தே இருக்கிறது.

சர்வரின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பவை

சிறிய அலுவலகங்களில் டொமைன் கன்ட்ரோலர் தனியாக இருப்பதே இல்லை. "சர்வர் ஒன்று இருக்கிறதே" என்று எல்லாவற்றையும் அதிலேயே ஏற்றியிருப்பார்கள். முதல் வாரத்தில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, அதில் ஓடும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: டிஎன்எஸ் (பெயருக்கு முகவரி சொல்வது), டிஎச்சிபி (கணினிகளுக்கு முகவரி கொடுப்பது), பிரிண்டர் பகிர்வு, கோப்புப் பகிர்வு, வைஃபைக்கான ரேடியஸ் (உள்நுழைவைச் சரிபார்ப்பது), கிளவுடுக்குக் கணக்குகளை ஒத்திசைக்கும் என்ட்ரா கனெக்ட், பேக்கப் மென்பொருளின் உரிமம், சில இடங்களில் டாலிகூட.

இவற்றில் மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டியது, சர்வர்களும் சாதனங்களும் தம்மை நிரூபிக்கக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ்களை வழங்கும் சேவை. அது அந்தச் சர்வரில் நிறுவப்பட்டிருக்கும்வரை டொமைன் கன்ட்ரோலர் பதவியை நீக்க முடியாது. அதை முதலில் வேறு சர்வருக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அதன் தனிச்சாவியையும் தரவுத்தளத்தையும் பேக்கப் எடுத்து, பழைய பெயரிலேயே மீட்டெடுக்கும் அந்த வேலைக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். கடைசி நாளில் அதைக் கண்டுபிடித்துத் தலையில் கைவைத்தவர்களை எனக்குத் தெரியும்.

கோப்புப் பகிர்வை இந்தச் சாக்கில் வேறு சர்வருக்கு மாற்றிவிடுங்கள். புதிய டொமைன் கன்ட்ரோலரில் டைரக்டரியும் டிஎன்எஸ்ஸும் மட்டும் இருக்கட்டும். வேறு வழியே இல்லையென்றால் டிஎச்சிபியும்.

உடம்பு சரியில்லாதவரை வீடு மாற்றாதீர்கள்

பழைய டைரக்டரியில் நோய் இருந்தால் அது புதிய சர்வருக்கும் நகலாகும். ரெப்அட்மின், டிசிடயாக் இரண்டும் சர்வரோடு வரும் கருவிகள். முதலாவது கன்ட்ரோலர்களுக்கு இடையிலான ரெப்ளிகேஷன் (நகலாக்கம்) ஒழுங்காக நடக்கிறதா என்று சொல்லும். இரண்டாவது மொத்த உடல் பரிசோதனை. இரண்டையும் ஓட்டி, வருவதைக் கோப்பில் சேமியுங்கள். சிவப்பாக ஏதாவது இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

கிளையில் எப்போதோ அணைத்து வைத்த கன்ட்ரோலர் ஒன்று மூலையில் கிடக்கிறதா என்றும் பாருங்கள். நீக்கப்பட்ட கணக்குகளின் நினைவை டைரக்டரி வழக்கமாக 180 நாட்கள் வைத்திருக்கும். அதற்கும் மேல் தூங்கிய சர்வரை எழுப்பினால், என்றோ நீக்கிய கணக்குகளை உயிரோடு கொண்டுவரப் பார்க்கும். அதை எழுப்பவே வேண்டாம். டைரக்டரியிலிருந்து அதன் எச்சங்களைத் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது சிஸ்வால். குரூப் பாலிசிகள் (கணினிகளுக்கும் பயனர்களுக்கும் பொதுவான விதிகள்) இருக்கும் இந்தக் கோப்புறை, 2003 காலத்திலிருந்து மேம்படுத்திக்கொண்டே வந்த டொமைன்களில் இன்னும் எஃப்ஆர்எஸ் என்னும் பழைய முறையில் நகலாகிக்கொண்டிருக்கலாம். 2022 சர்வருக்கு அந்த மொழி தெரியாது. டிஎஃப்எஸ்ஆர் முறைக்கு மாற்றியே தீர வேண்டும். இதற்கென்று உள்ள டிஎஃப்எஸ்ஆர்மிக் கருவி நான்கு நிலைகளில் வேலை செய்கிறது: தொடக்கம், தயார், திருப்பிவிடல், நீக்கம். ஒவ்வொரு நிலையையும் எல்லாக் கன்ட்ரோலர்களும் எட்டிவிட்டன என்று உறுதியான பிறகே அடுத்தது. மூன்றாம் நிலைவரை பின்வாங்கலாம். நான்காவதுக்குப் போய்விட்டால் முடியாது. ஆகவே மூன்றாம் நிலையில் ஒரு வாரம் இருந்து பாருங்கள்.

பழைய கணக்குகளைக் களையெடுப்பதையும் இப்போதே செய்துகொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: கணக்கின் கடைசி உள்நுழைவாக எல்லாச் சர்வர்களுக்கும் நகலாகும் தேதி உடனுக்குடன் புதுப்பிக்கப்படுவதில்லை, பதினான்கு நாட்கள் வரை பின்தங்கியிருக்கலாம். ஆகவே தொண்ணூறு நாள் போன்ற தாராளமான வரம்பை வையுங்கள். எதையும் நீக்காதீர்கள், முடக்கி வையுங்கள். பிரசவ விடுப்பிலிருந்து திரும்பும் ஊழியரின் கணக்கை நீக்கியிருந்தால் அவர் முகத்தில் விழிக்க முடியாது. ஆக்டிவ் டைரக்டரியின் ரீசைக்கிள் பின் வசதி இயக்கப்படாமல் இருந்தால் இப்போதே இயக்குங்கள்.

கேட்பவர்களின் பட்டியல்

டொமைனில் சேர்ந்த விண்டோஸ் கணினிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் புதிய கன்ட்ரோலரைத் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும். தொல்லை தருபவை மற்றவை: ஸ்கேன் செய்து மின்னஞ்சல் அனுப்பும் பெரிய பிரிண்டர், ஃபயர்வால், வைஃபை கன்ட்ரோலர், லினக்ஸில் ஓடும் இஆர்பி (நிறுவன நிர்வாக மென்பொருள்), விரல்ரேகை வருகைப் பதிவு, சிசிடிவி ரெக்கார்டர், ஐபி தொலைபேசியின் முகவரிப் புத்தகம். இவற்றில் யாரோ ஒரு நாள் பழைய சர்வரின் முகவரியைத் தட்டச்சு செய்திருக்கிறார். அந்த யாரோ இப்போது வேலையில் இல்லை.

ஊழியர்களைக் கேட்டுப் பட்டியல் போட்டால் பாதிதான் வரும். சர்வரையே கேளுங்கள். மூன்று இடங்களில் பதில் கிடைக்கும்.

முதலாவது, டைரக்டரி சேவையின் நிகழ்வுப் பதிவு. டைரக்டரியிடம் கேள்வி கேட்கும் மொழிக்கு எல்டாப் என்று பெயர். அதில் கையொப்பம் இல்லாமல், அல்லது வெளிப்படையான கடவுச்சொல்லோடு எத்தனை பேர் வந்தார்கள் என்று 24 மணி நேரத்துக்கு ஒருமுறை 2887 என்ற எண்ணில் ஒரு நிகழ்வு பதிவாகும். அதில் எண்ணிக்கைதான் இருக்கும். ரெஜிஸ்ட்ரியில் எல்டாப் இடைமுகத்துக்கான கண்டறியும் அளவை 2 ஆக்கினால், 2889 என்ற எண்ணில் ஒவ்வொருவரின் ஐபி முகவரியும் பயன்படுத்திய கணக்கும் வரத் தொடங்கும். கையால் முகவரி எழுதப்பட்ட சாதனங்களில் பெரும்பாலானவை இந்த வலையில் சிக்கும்.

இரண்டாவது, டிஎன்எஸ் சர்வரின் பிழைத்திருத்தப் பதிவு. இந்தச் சர்வரை டிஎன்எஸ்ஸாக வைத்திருக்கும் ஒவ்வொரு சாதனமும் அதில் தெரியும். மூன்றாவது, ஃபயர்வாலிலோ சர்வரிலோ, டைரக்டரிக் கேள்விகள் நுழையும் 389, 636, 3268, 3269 போர்ட்டுகளுக்கு வரும் இணைப்புகள்.

இந்தப் பதிவுகளை எத்தனை நாள் ஓடவிட வேண்டும்? ஒரு முழு மாதம். ஒரு வாரம் போதும் என்பார்கள். எனக்கு நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். மாதக் கடைசி, ஒன்றாம் தேதி, சம்பள நாள் எல்லாம் அந்த ஜன்னலுக்குள் வர வேண்டும். பதிவுக் கோப்பின் அளவைப் பெரிதாக்கி வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் நாளே பழையது அழிந்துவிடும்.

கிடைத்ததை ஒரு விரிதாளில் இடுங்கள். சாதனம், எதைக் கேட்கிறது, எந்தக் கணக்கில் வருகிறது, முகவரி எங்கே எழுதப்பட்டிருக்கிறது, அதை மாற்றும் உரிமை யாரிடம் என்று ஐந்து பத்திகள். கடைசிப் பத்தியை நிரப்புவதுதான் கடினம். ஒரு பிரிண்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லுக்காக நான்கு நாட்கள் அலைந்திருக்கிறேன். கடைசியில் அது பேப்பர் ட்ரேயின் உட்புறத்தில், வெள்ளை நாடாவின் மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதப்பட்டிருந்தது.

மூன்றாம் பத்தியில் டொமைன் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கின் பெயர் வந்தால் அதிர்ச்சி அடையாதீர்கள், வரும். முகவரிப் புத்தகத்தைப் பார்ப்பதற்காக டொமைனின் மொத்தச் சாவியையும் ஒரு ஸ்கேனரிடம் கொடுத்து வைத்திருப்பார்கள். முகவரியை மாற்றும்போதே அதற்கென்று படிக்கும் உரிமை மட்டும் உள்ள தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுத்துவிடுங்கள்.

மாற்றும்போது என்ன எழுதுவது? புதிய சர்வரின் ஐபியை எழுதினால் அடுத்த இடமாற்றத்தில் இதே கதை. முடிந்த இடத்திலெல்லாம் டொமைனின் பெயரையே எழுதுங்கள். அந்தப் பெயர் எல்லாக் கன்ட்ரோலர்களின் முகவரிகளையும் தரும். பாதுகாப்பான எல்டாப், அதாவது 636 போர்ட் என்றால், சர்வர் காட்டும் சான்றிதழில் அந்தப் பெயரும் இருக்க வேண்டும். கெர்பரோஸ் (டொமைனில் உள்நுழைவைச் சரிபார்க்கும் முறை) உறுதிப்படுத்தலுக்கான சான்றிதழ் வார்ப்புருவைப் பயன்படுத்தினால் டொமைன் பெயர் அதில் சேர்ந்தே வரும்.

பழைய முகவரியைப் புதிய சர்வருக்கே கொடுத்துவிட்டால்?

கொடுக்கலாம். எழுபது எண்பது சாதனங்களில் கையால் எழுதியிருக்கிறது, பாதிக்கு மேல் தொட முடியாதவை என்றால் அதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். பழைய சர்வரை முழுவதும் விலக்கிய பிறகு, புதியதின் ஐபியைப் பழைய எண்ணுக்கு மாற்றி, டிஎன்எஸ்ஸில் மீண்டும் பதியச் செய்து, நெட்லாகன் சேவையை மறுபடி தொடங்கினால் போதும். இரண்டாவது முகவரியாக மேலதிகமாக ஒட்டிவைக்கும் குறுக்குவழி வேண்டாம். டொமைன் கன்ட்ரோலருக்கு இரண்டு முகவரி இருந்தால் இரண்டையும் டிஎன்எஸ்ஸில் பதிந்துகொண்டு பிறகு குழப்பம் செய்யும்.

எனக்கு இந்த வழியில் ஒரு மனக்குறை உண்டு. எல்லாம் சுமுகமாக நடந்துவிடும். பட்டியலிலிருந்த எதையும் யாரும் திருத்த மாட்டார்கள். ஆகவே முகவரியை எடுத்துக்கொண்டாலும் பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள்.

திரும்பி வரும் வழி

குறைந்தது இரண்டு கன்ட்ரோலர்களில் சிஸ்டம் ஸ்டேட் (டைரக்டரியும் சேர்ந்த கணினி அமைப்பு) பேக்கப் எடுங்கள். விர்ச்சுவல் மெஷினின் ஸ்னாப்ஷாட்டை (ஒரு கணத்து நிலையின் நகல்) பேக்கப் என்று நம்பாதீர்கள். ஒரு கன்ட்ரோலரைப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினால், அது மாற்றங்களுக்கு ஏற்கெனவே கொடுத்த வரிசை எண்களையே மறுபடியும் கொடுக்கத் தொடங்கும். மற்றவை "இதெல்லாம் நாங்கள் பார்த்தவைதான்" என்று புதிய மாற்றங்களை ஏற்காமல் விட்டுவிடும். சர்வர் 2012 முதல் இதற்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்றாலும் அதன் மேல் பாரத்தைப் போட வேண்டாம்.

டைரக்டரியை மீட்டெடுக்கும் பயன்முறைக்கு ஒரு தனிக் கடவுச்சொல் உண்டு. சர்வரை முதன்முதலில் கன்ட்ரோலராக உயர்த்தியபோது யாரோ வைத்தது. அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. என்டிடிஎஸ்யூடில் கருவியால் இப்போதே புதிதாக வைத்து, உறையில் போட்டு, பூட்டிய அலமாரியில் வையுங்கள். பிறகு அந்தப் பேக்கப்பை வலையோடு இணைக்காத ஒரு மெஷினில் மீட்டெடுத்துப் பாருங்கள். இந்த ஒத்திகையைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: புதிய சர்வரைச் சேர்க்கும்போது டைரக்டரியின் ஸ்கீமா, அதாவது எந்தெந்தத் தகவலை வைக்கலாம் என்ற கட்டமைப்பு, மாறும். 2012 ஆர்2இல் அதன் எண் 69, 2022இல் 88. அதைப் பின்னோக்கித் திருப்பும் பொத்தான் இல்லை. பேக்கப்பிலிருந்து மொத்த ஃபாரஸ்ட்டையும் மீட்டெடுப்பதுதான் ஒரே வழி. நல்ல வேளையாக, புதிய ஸ்கீமாவோடு பழைய சர்வர்கள் சண்டை போடுவதில்லை. அதனால் நடைமுறையில் பின்வாங்குவது என்றால் புதிய சர்வரை விலக்கிவிட்டுப் பழையதோடு தொடர்வதுதான்.

புதிய சர்வரை உயர்த்துவது

இரண்டு சர்வர்களாக நிறுவுங்கள், வெவ்வேறு இயந்திரங்களில், முடிந்தால் வெவ்வேறு யுபிஎஸ்ஸில். எல்லாப் புதுப்பிப்புகளையும் ஏற்றி, நிலையான முகவரி கொடுத்து, டொமைனில் உறுப்பினராகச் சேர்த்து இரண்டு நாள் விடுங்கள். பிறகு டைரக்டரி சேவையை நிறுவி, டொமைன் கன்ட்ரோலராக உயர்த்துங்கள். ஸ்கீமாவைத் தயார்செய்யும் வேலையை 2012 பதிப்பு முதல் அந்த வழிகாட்டித் திரையே செய்துவிடுகிறது. நீங்கள் நுழையும் கணக்கு ஸ்கீமா அட்மின்ஸ், என்டர்பிரைஸ் அட்மின்ஸ், டொமைன் அட்மின்ஸ் மூன்று குழுக்களிலும் இருந்தால் போதும். வேலை முடிந்ததும் முதல் இரண்டு குழுக்களிலிருந்து வெளியே வந்துவிடுங்கள்.

மறுதொடக்கம் ஆனதும் முதலில் பார்க்க வேண்டியது, சிஸ்வால், நெட்லாகன் என்ற இரண்டு பகிர்வுகளும் தோன்றினவா என்று. தோன்றாவிட்டால் அந்தச் சர்வர் இன்னும் கன்ட்ரோலர் ஆகவில்லை, திரையில் என்ன சொன்னாலும் சரி. அதன் டிஎன்எஸ் அமைப்பில் முதல் முகவரியாக மற்றொரு கன்ட்ரோலரையும் கடைசியாகத் தன்னையும் வையுங்கள்.

கிளைகள் உள்ளவர்களுக்கு ஒரு சொல். தளங்களுக்கு இடையே ரெப்ளிகேஷன் வழக்கமாக 180 நிமிடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். தலைமை அலுவலகத்தில் செய்த மாற்றம் கிளையில் தெரியவில்லை என்று பதறுவதற்கு முன் அந்த எண்ணைப் பாருங்கள். 15 நிமிடம் வரை குறைக்கலாம்.

ஐந்து பொறுப்புகளும் ஒரு கடிகாரமும்

டைரக்டரியில் ஐந்து வேலைகளை ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான் செய்ய முடியும்: ஸ்கீமா மாஸ்டர், டொமைன் நேமிங் மாஸ்டர், ஆர்ஐடி மாஸ்டர், இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மாஸ்டர், பிடிசி எமுலேட்டர். புதிய சர்வர்கள் ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகு இவற்றை மாற்றுங்கள். பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே கைமாற்றிக் கொடுப்பதுதான் முறை. அது செத்த பிறகு பறித்துக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் பறித்துவிட்டால் பழையது மறுபடி வலைக்குள் வரவே கூடாது.

ஐந்தில் நான்கு மாறியதை யாரும் உணரக்கூட மாட்டார்கள். பிடிசி அப்படியல்ல. மொத்த டொமைனுக்கும் அதுதான் மணிக்கூண்டு. ஒரு இடத்தில் மின்வெட்டுக்குப் பிறகு விர்ச்சுவல் ஹோஸ்ட் (விர்ச்சுவல் மெஷின்களைத் தாங்கும் இயந்திரம்) எழுந்தபோது அதன் போர்டு பேட்டரி தீர்ந்து, கடிகாரம் பதினொரு நிமிடம் பின்னால் இருந்தது. அதன் மேல் ஓடிய பிடிசி அந்த நேரத்தையே சரியென்று எடுத்துக்கொண்டது. வெளியிலிருந்து சரியான நேரம் வாங்கிக்கொண்டிருந்த லினக்ஸ் இஆர்பி சர்வர் டொமைன் கணக்குகள் எதையும் உள்ளே விடவில்லை. கெர்பரோஸ் வழக்கமாக ஐந்து நிமிட வித்தியாசத்தைத்தான் பொறுத்துக்கொள்ளும். நாங்கள் கடவுச்சொல், சான்றிதழ், ஃபயர்வால் என்று ஊரெல்லாம் தேடிவிட்டு, கடைசியில் டீ வாங்கி வந்த பையன்தான் "அண்ணா, அந்தத் திரையில் மணி தப்பாக இருக்கிறதே" என்றான்.

ஆகவே பிடிசி எமுலேட்டரை மாற்றும் அன்றே, ஹோஸ்டிடமிருந்து நேரம் வாங்குவதை அந்த விர்ச்சுவல் மெஷினில் நிறுத்திவிட்டு, நேரம் சொல்லும் வெளி என்டிபி சர்வரைச் சுட்டுங்கள். பழைய பிடிசியில் இருந்த அந்த அமைப்பையும் நீக்குங்கள். இரண்டு மணிக்கூண்டு வேண்டாம். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இதில் சட்டப் பக்கமும் உண்டு. 2022 ஏப்ரல் 28இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி சர்வர்களோடோ, அவற்றோடு ஒத்துப்போகும் சர்வர்களோடோ நேரத்தை ஒத்திசைக்கச் சொல்கிறது. பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் சொல்கிறது. பழைய சர்வரின் நிகழ்வுப் பதிவுகளை அழிப்பதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

டிஎச்சிபி

இது சுலபம், ஆனால் நாள் கணக்கு உண்டு. கணினிகளுக்கு முகவரியோடு டிஎன்எஸ் சர்வர்களின் முகவரியையும் டிஎச்சிபிதான் கொடுக்கிறது, ஆறாம் எண் விருப்பத்தில். அதில் புதிய சர்வர்களை முன்னே வையுங்கள். விண்டோஸ் டிஎச்சிபியின் வழக்கமான குத்தகை எட்டு நாட்கள். பாதி ஓடியதும் கணினிகள் புதுப்பித்துக்கொள்ளும். ஆகவே அணைக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். சேவையையே இடம் மாற்றுவதானால் ஏற்றுமதி, இறக்குமதி செய்து, புதியதை டைரக்டரியில் அங்கீகரித்து, பழையதை நிறுத்த வேண்டும். நிலையான முகவரி உள்ள சர்வர்களிலும் சாதனங்களிலும் டிஎன்எஸ்ஸை நீங்கள்தான் போய்க் கையால் மாற்ற வேண்டும். பட்டியல் இங்கே மறுபடி உதவும்.

அணைத்துப் பார்க்கும் நாள்

இதை ஞாயிற்றுக்கிழமை இரவு செய்வதுதான் வழக்கம். நான் வேலை நாளில், புதன்கிழமை காலை பதினொரு மணிக்குச் செய்வேன். எல்லோரும் இருக்கையில் இருப்பார்கள். எது நின்றாலும் அடுத்த நிமிடம் தெரியும். ஒரு சொடுக்கில் திரும்பக் கொண்டுவரலாம். ஞாயிறு இரவு செய்தால் எல்லாப் புகாரும் திங்கள் காலை ஒன்றாக வந்து விழும். தேதி மட்டும் கணக்குப் பிரிவைக் கேட்டு முடிவு செய்யுங்கள். 7ஆம் தேதி டிடிஎஸ், 11, 20ஆம் தேதிகளில் ஜிஎஸ்டி தாக்கல், மாதக் கடைசியில் சம்பளம். இவற்றைத் தவிர்த்தால் மாதத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் கிடைக்கும்.

பழைய சர்வரை விலக்காதீர்கள். அதன் வலை இணைப்பை மட்டும் துண்டியுங்கள். விர்ச்சுவல் மெஷின் என்றால் நெட்வொர்க் கார்டைத் துண்டித்தால் போதும்.

இங்கே ஒரு போலி நிம்மதி காத்திருக்கிறது. எல்லோரும் உள்நுழைய முடிகிறது என்பதை வைத்து வெற்றி என்று முடிவு செய்யாதீர்கள். விண்டோஸ் கணினி தன்னிடம் கடைசியாக நுழைந்த பத்துப் பேரின் உள்நுழைவை ஞாபகத்தில் வைத்திருக்கும். ஒரு கன்ட்ரோலர்கூட இல்லாவிட்டாலும் அவர்களை உள்ளே விடும். சரியான சோதனை இப்படி இருக்க வேண்டும்:

- அந்தக் கணினியில் இதுவரை நுழையாத ஒருவரை நுழையச் சொல்லுங்கள்.
- ஒருவரின் கடவுச்சொல்லை மாற்றி, வேறொரு கணினியிலும் கிளையிலும் அதைச் சோதியுங்கள்.
- ஒருவரைப் புதிய குழுவில் சேர்த்து, வெளியேறி நுழைந்த பின் அந்தப் பகிர்வு திறக்கிறதா என்று பாருங்கள்.
- ஒரு தொலைபேசியில் வைஃபையை மறக்கச் செய்து மறுபடி இணையுங்கள்.
- பெரிய பிரிண்டரில் ஒரு தாளை ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.

கடைசிச் சோதனை தோற்றால் முகவரி மட்டும் காரணமாக இருக்காது. ஸ்கேன் செய்ததைப் பழைய சர்வரின் பகிர்வுக் கோப்புறையில் போடும் இயந்திரங்கள் பல, எஸ்எம்பி என்னும் கோப்புப் பகிர்வு முறையின் முதல் பதிப்பில் மட்டுமே பேசும். 2022இல் அது இயல்பாக நிறுவப்படுவதே இல்லை. அதை நிறுவி விடாதீர்கள். அந்த ஸ்கேனரை மின்னஞ்சலுக்கு மாற்றுங்கள்.

துண்டித்த நிலையில் எத்தனை நாள்? ஒரு மாதக் கடைசியையாவது தாண்டட்டும். 180 நாள் வரம்புக்கு அது வெகு கீழேதான் இருக்கிறது. இடையில் ஏதாவது நின்றால் இணைப்பைக் கொடுங்கள், சாதனத்தைத் திருத்துங்கள், மறுபடி துண்டியுங்கள். ஆயிரம் தடவை செய்தாலும் தவறில்லை.

விலக்குவது

சர்வரை மீண்டும் இணைத்து, ரெப்ளிகேஷன் முழுவதும் முடியும்வரை காத்திருந்து, அதன் பிறகு கன்ட்ரோலர் பதவியை நீக்குங்கள். அந்தத் திரையில் "இது டொமைனின் கடைசி கன்ட்ரோலர்" என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கும். அதில் குறி இடாதீர்கள். இடுவதற்குத் தோன்றினால் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். நீக்கம் பாதியில் நின்றால் கட்டாயமாக நீக்கிவிட்டு, டைரக்டரியில் அதன் எச்சங்களைத் துடைக்க வேண்டும்.

பிறகு டிஎன்எஸ்ஸைத் திறந்து பழைய பெயர் எங்கெங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள்: பெயர் சர்வர் பதிவுகளில், சேவைப் பதிவுகளில், தலைகீழ் மண்டலத்தில். தளங்கள், சேவைகள் திரையில் அதன் பெயர் வெறும் கூடாக நின்றுகொண்டிருந்தால் நீக்குங்கள். கடைசி 2012 ஆர்2 கன்ட்ரோலர் போன பிறகு, ஒரு வாரம் பொறுத்து, டொமைன், ஃபாரஸ்ட் செயல்நிலைகளை 2016க்கு உயர்த்துங்கள். 2022 சர்வருக்கு அதற்கு மேல் நிலை இல்லை. 2016 என்று பார்த்துக் குழம்ப வேண்டாம்.

மிச்சம் இருப்பது பழைய இயந்திரம். அதன் வட்டுகளைக் கழற்றும்வரை அதை யாரிடமும் கொடுக்காதீர்கள். பதவியை நீக்கிவிட்டாலும், முன்பு அதில் இருந்த டைரக்டரித் தரவுக் கோப்பின் துண்டுகளும் பழைய பேக்கப்புகளும் வட்டில் கிடக்கலாம். ஒவ்வொரு ஊழியரின் கடவுச்சொல் ஹாஷும் (கடவுச்சொல்லின் உருமாற்றிய வடிவம்) அதில்தான் இருந்தது. அந்த நூற்பாலையில் பழைய சர்வரை எடைக்குப் போட ஆள் வந்துவிட்டார், தராசோடு. வட்டுகள் நான்கையும் கழற்றிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். ஃபிட்டர் ஒவ்வொன்றிலும் மூன்று துளை போட்டுக் கொடுத்துவிட்டு, "இதையும் எடைக்குப் போடலாமா?" என்று கேட்டார். போடலாம் என்றேன்.